மழைக்கு நாங்கள் பொறுப்பல்ல

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். அதில் பல ஆண்டுகள் முதலாண்டு மாணவிகளுக்கு ‘வாழ்க்கைத் துணைநலம்’ அதிகாரத்தை நடத்தியிருக்கிறேன். ஐம்பத்தைந்தாம் குறள் வரும் நாளில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. தெய்வத்தைத் தொழாமல் கணவனைத் தொழுகிறவள் சொன்னால் மழை பெய்யும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். ஆணையிட்டதும் பெய்கிற மழையைப் போலத் தன்னை அடிமையாக எண்ணிக்கொள்கிறவள் அவள் என்பது கலைஞர் கொண்ட பொருள். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் வள்ளுவரையும் கற்பையும் சேர்த்து வைத்துத் தனி அத்தியாயமே எழுதிக் கேள்வி கேட்டவர் பெரியார். மூன்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு, “நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுவேன். நடுநிலை என்று அதற்குப் பெயர். தேர்வுக்கும் வசதி.

2019 ஜூலையில் ஒரு நாள் அந்த வழக்கம் உடைந்தது. சென்னைக்குக் குடிநீர் தருகிற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு வெடித்துக் கிடந்த கோடை அது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் ரயில் ஜூலை 12ஆம் தேதி வந்தது, 25 லட்சம் லிட்டரோடு. மாலை போட்டு வரவேற்றார்கள். எங்கள் கல்லூரியில் கழிப்பறைகளில் பாதியைப் பூட்டி வைத்திருந்தோம். மாணவிகள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தார்கள். அதை ஒழுங்கு என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், வாடகைக்கு விட்ட லைன் வீட்டில் தாயோடு இருந்தவள். சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். தாய் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை பார்த்தார். “அம்மா, எங்கம்மா விடியக்காலம் மூணு மணிக்கு லாரித் தண்ணிக்குக் குடத்தோட போய் நிக்கிறாங்க. மழை பெய்யணும் மழை பெய்யணும்னு தினம் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க. பெய்யலையே. அப்போ எங்கம்மா சரியில்லன்னு அர்த்தமாம்மா?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். “இலக்கியத்தில் உயர்வு நவிற்சி என்று ஒன்று உண்டு” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். தாயைப் பற்றிக் கேட்ட பெண்ணுக்கு ஓர் அணியின் பெயரைப் பதிலாகக் கொடுத்தேன்.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். அவள் அதற்குள் அந்தத் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போய், வறட்சியையும் பார்த்து வெள்ளத்தையும் பார்த்துவிட்டாள். என் பதில் தாமதமானது. இருந்தாலும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

மழைக்குப் பெண்ணைப் பொறுப்பாக்கிய கணக்கு வள்ளுவரோடு நிற்பதில்லை. மணிமேகலையில் சிறைசெய் காதையைப் படித்துப் பாருங்கள். புகாரில் மருதி என்று ஒருத்தி காவிரியில் குளித்துவிட்டு வருகிறாள். அரசன் ககந்தனின் மகன் வழியில் அவளை ‘வா’ என்று கூப்பிடுகிறான். இன்றைய மொழியில் சொன்னால் தெருவில் வைத்துச் சீண்டுகிறான். அவள் என்ன நினைக்கிறாள் தெரியுமா? மழை தருகிற பெண்கள் பிறர் நெஞ்சில் புகமாட்டார்கள். நான் ஒருவன் நெஞ்சில் புகுந்துவிட்டேன், என்மேல்தான் ஏதோ பிழை. சதுக்கப் பூதத்திடம் போய் அழுகிறாள். பூதம் அந்தக் குறளையே எடுத்துச் சொல்லித் தீர்ப்பு வழங்குகிறது: நீ பிறர் வாயில் கதையும் விடுகதையும் கேட்டாய், முழவு கொட்டும் திருவிழாக்களை விரும்பினாய், தெய்வங்களைப் போய்த் தொழுதாய், அதனால்தான் நீ ஏவினால் மழை பெய்யாது. அரசன் பிறகு தன் மகனை வெட்டிக் கொல்கிறான். அதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனாலும், சீண்டப்பட்டவள் திருவிழாவுக்குப் போனது ஏன் என்ற விசாரணை முதலில் நடந்துவிடுகிறது. எந்த விடுதி வார்டனையும் கேளுங்கள், அந்தப் பூதத்தின் குரல் இன்னும் அப்படியே இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் கணக்கு மறுபக்கமாகப் போகிறது. கண்ணகியின் சினத்தில் மதுரை எரிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்ட பிறகே பெய்கிறது என்கிறது உரைபெறு கட்டுரை. ஒருத்திக்கு நடந்த அநீதியை விசாரிக்காமல் தீர்ப்பளித்தது அரசன். மழை நின்றது பெண்ணால் என்றாயிற்று, பலியானது ஒரு தொழிலைச் செய்து பிழைத்த ஆயிரம் பேர் என்றாயிற்று.

நூல்களை விடுங்கள், ஊருக்கு வாருங்கள். மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஓர் உருவம், பெரும்பாலும் பெண் உருவம், செய்து தெருத்தெருவாக இழுத்துப் போய், பெண்களை ஒப்பாரி வைக்கச் சொல்லி, கடைசியில் கொளுத்துவார்கள். அவள் என்ன பாவம் செய்தாள் என்று யாரும் கேட்பதில்லை. மழைச்சோறு எடுப்பதும் பெண்கள்தான். வீடு வீடாகச் சோறு வாங்கிக்கொண்டு போய், ஊர் எல்லையில் உட்கார்ந்து, இனி இந்த ஊரில் பிழைக்க வழியில்லை என்று அழுதபடி சாப்பிடுவார்கள். வானத்தை இளகவைக்கிற வேலையும் எங்களுடையது. நாட்டார் வழக்காறுகளை ஆய்வு செய்கிறவர்கள் இதைப் பெண்களுக்குச் சடங்கில் கிடைத்த அதிகாரம் என்று எழுதுவதுண்டு. அதிகாரம் என்றால் அதோடு ஏதாவது ஒரு சாவி கையில் வரவேண்டும். ஏரியின் சாவி என்றைக்காவது எங்கள் கையில் இருந்ததா?

இதையெல்லாம் இன்று யார் நம்புகிறார்கள் என்று கேட்பீர்கள். யாரும் நம்புவதில்லை. வானிலை மையத்தில் வடகிழக்குப் பருவமழையைப் பத்தினிகளைக் கொண்டு கணிப்பதில்லை. ஆனால் நம்பிக்கை போன பிறகும் கணக்குப் புத்தகம் போகவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. மழை வராவிட்டால் ஓடுகிறவள், வந்துவிட்டால் இறைக்கிறவள், நின்ற பிறகு சம்பளம் இழக்கிறவள் என்று எல்லாச் செலவும் ஒரே பெயரில் எழுதப்படுகிறது. மடையைத் திறக்க வேண்டுமா மூட வேண்டுமா என்று முடிவு செய்கிற இடத்தில் மட்டும் அவள் பெயர் இல்லை.

2019க்கே திரும்புவோம். அதே ஆண்டுதான் கோயம்பேட்டில் சென்னையின் கழிவுநீரை நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையம் தயாரானது. அங்கிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் குழாய் பதித்து இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். நல்ல திட்டம், சந்தேகமில்லை. குடிநீரைத் தொழிற்சாலைக்குக் கொடுக்காமல் கழிவுநீரைச் சுத்தம் செய்து கொடுப்பதுதான் முறை. என் கேள்வி வேறு. இயந்திரம் ஒருநாள் தாகத்தோடு நின்றால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போடத் தெரிந்திருக்கிறது, 60 கிலோமீட்டர் பதிக்கத் தெரிந்திருக்கிறது. அந்த இயந்திரம் நிற்கிற தரையைக் கூட்டுகிறவள் விடியற்காலை மூன்று மணிக்குக் குடத்தோடு நிற்பதற்கு மட்டும் கணக்குத் தலைப்பு கிடைக்கவில்லை. வரிசையில் இரண்டு மணிநேரம் நின்றுவிட்டு அவர் ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போனார். அந்த இரண்டு மணிநேரத்தை உழைப்பு என்று எந்தப் பதிவேடும் சொல்லவில்லை. மகளே கூடச் சொல்லவில்லை; “தண்ணி பிடிக்கப் போவாங்க” என்றுதான் சொன்னாள்.

அந்த வறண்ட ஆண்டின் முடிவில் மழை வந்தது. டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலை மேட்டுப்பாளையம் நடூரில், தொடர்மழையில் ஊறிய ஒரு பெருஞ்சுவர் அருந்ததியர் வீடுகள்மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். தீண்டாமைச் சுவர் என்று அந்த ஊர் மக்கள் சொன்ன சுவர் அது. சுவரைக் கட்டியது மழை இல்லை. வறட்சி முடிந்து பெய்கிற முதல் பெருமழையை அமுதம் என்று எழுதுகிறவர்கள் நடூரையும் அதே பக்கத்தில் எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடட்டும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் முதல் தொகுப்பில் ஏழு மழைக் கவிதைகள் இருக்கின்றன. ஏழிலும் நான் சன்னலுக்கு உள்ளே நிற்கிறேன்.

திருப்பெரும்புதூர்ப் பக்கத்து மழைக்கு ஒரு புவியியல் உண்டு. இது ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தில் சேர்கிறது. மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரிலிருந்துதான் அடையாறு பிறக்கிறது. அந்த ஏரிகளின் கீழிருந்த வயல்கள்மேல்தான் 1990களிலிருந்து தொழிற்பேட்டைகள் எழுந்தன. நிலம் எடுத்தபோது இழப்பீடு பட்டாதாரருக்குப் போனது. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருந்தது. அந்த வயலில் நாற்று நட்டவளுக்கும் களை எடுத்தவளுக்கும் பட்டா கிடையாது. ஆகவே அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று கணக்கு முடிந்தது. ஐப்பசி மழை எப்போது பிடிக்கும், எத்தனை உழவுக்கு ஈரம் இருக்கும், எந்த மடையில் தண்ணீர் முதலில் முட்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். இப்போது அதே நிலத்தில், அவர்களுடைய பேத்திகள் குளிரூட்டப்பட்ட கூடங்களில் சன்னல் இல்லாத சுவர்களுக்கு நடுவே நிற்கிறார்கள். வெளியே மழையா வெயிலா என்பது ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும்போதுதான் தெரியும்.

2015இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய அந்த ஒருநாள் மழை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். 24 அடி ஏரி ஏற்கெனவே நிரம்பும் நிலையில் இருந்தது. அன்றிரவு வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது மனிதரால் விளைந்த பேரழிவு என்று சொன்னது. மனிதர் என்ற சொல்லை அந்த இடத்தில் நான் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். மழைக்குப் பொறுப்பு சொல்ல வேண்டியபோது இந்தப் பண்பாட்டுக்கு ஒரு பெண்ணின் பெயர் எப்போதும் தயாராக இருந்தது. மடைக்குப் பொறுப்பு சொல்ல வேண்டியபோது மனிதர் என்று பொதுப்பெயர் போதுமானதாகிவிட்டது.

இப்போது அவளிடம் வருகிறேன். பட்டப்படிப்பை முடித்தாள். ‘வெண்டர்’ என்று அங்கே சொல்கிற ஆள்பிடி ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலமாக ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தாள். பெயர் சொல்லக்கூடாது என்றாள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலையிலிருந்து எடுத்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் சேர்ப்பார்களாம். ஏன் பதினோரு மாதம் என்று கேட்டேன். “தெரியலம்மா, எல்லாருக்கும் அப்படித்தான்” என்றாள்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். சென்னை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களுக்கு அரசு விடுமுறை அறிவித்தது. தனியார் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. வீட்டிலிருந்து எப்படித் திருகு முடுக்குவது? கணினிக்கு முன்னால் உட்கார்கிறவர்களை மட்டுமே வேலை செய்கிறவர்களாக நினைத்து எழுதிய வாக்கியம் அது. சென்னை வட்டாரத்தில் கைப்பேசி தயாரிக்கிற ஆலைகளும் கார் ஆலையும் உற்பத்தியை நிறுத்தின. அது உலகச் செய்தியானது. எத்தனை கைப்பேசி தாமதமாகும் என்ற கவலை அதில் இருந்தது.

லைன் வீட்டுக்குள் முதலில் கழிப்பறை வழியாகத்தான் தண்ணீர் வந்தது என்றாள். வாசலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது பின்னாலிருந்து வந்தது. எட்டு வீட்டுக்குப் பொதுவான இரண்டு கழிப்பறை, இரண்டும் மூழ்கின. அவளுக்கு அன்று மாதவிடாய் இரண்டாம் நாள். மூன்று நாட்கள் அவளும் தாயும் பக்கத்து வீட்டுப் பெண்களும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒரு தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, ஒருத்திக்கு ஒருத்தி மறைவாக நின்றார்கள். பகலில் தண்ணீர் குடிக்கவில்லை. 2019இல் தண்ணீர் இல்லாததால் குடிக்காமல் இருந்த அதே உடம்பு, 2023இல் சுற்றிலும் தண்ணீர் இருந்ததால் குடிக்காமல் இருந்தது. பிறகு நீர்க்கடுப்பு வந்து, ஒரு வாரம் காய்ச்சலோடு லைனில் நின்றாள். வறட்சி நிவாரணம், வெள்ள நிவாரணம் என்று இரண்டு கோப்புகள் இருக்கின்றன. சிறுநீரை அடக்கிய பெண்ணுக்கு இரண்டிலும் இடமில்லை.

நிவாரணம் என்றதும் 6,000 ரூபாய் நினைவுக்கு வரும். சென்னை முழுவதும், மற்ற மூன்று மாவட்டங்களில் குறிப்பிட்ட வட்டங்களிலும் கிராமங்களிலும், நியாயவிலைக் கடை வழியாகக் குடும்ப அட்டைக்குக் கொடுத்தார்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்தது நல்லது. வங்கிக்குப் போட்டிருந்தால் பல வீட்டில் கணவனோடு போயிருக்கும். ஆனால் இவர்களுடைய அட்டை வந்தவாசிப் பக்கம் இருக்கிறது. தண்ணீர் இங்கே வந்தது. அட்டை இல்லாதவர்கள் விண்ணப்பம் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். வாடகை ஒப்பந்தம் எழுதித்தராத வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு, பகல் ஷிப்ட்டை விட்டுவிட்டு எந்த வரிசையில் போய் நிற்பது? போகவில்லை என்றாள். அட்டை ஒரு குடும்பத்தைக் காண்கிறது, குடும்பம் ஒரு முகவரியில் இருக்கும் என்று நினைக்கிறது. இந்தத் தொழிற்பேட்டையோ தென் மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும், முகவரியை விட்டு வந்த பெண்களால் ஓடுகிறது. உற்பத்திக் கணக்கில் அவர்கள் இங்கே இருக்கிறார்கள். வெள்ளக் கணக்கில் ஊரில் இருக்கிறார்கள்.

சம்பளத்துக்கு வருவோம், இதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிற இடம். கம்பெனி மூன்று நாள் மூடியிருந்தது. அவள் விடுப்பு எடுக்கவில்லை. கேட்டைத் திறக்காதது அவர்கள். 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுகள் சட்டம் ‘லே-ஆஃப்’ என்பதற்கு வரையறை சொல்லும்போது நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாட்டோடு இயற்கைப் பேரிடரையும் சேர்த்தே சொன்னது. 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்பிலும் அந்தச் சொல் இருக்கிறது. அப்படி வேலை தரமுடியாமல் போனால் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பாதியை இழப்பீடாகத் தரவேண்டும். எனக்கு இது தெரியாது. சட்டம் படிக்கிற பழைய மாணவி ஒருத்தி எடுத்துக் காட்டினாள். நாங்கள் இருவரும் கொஞ்சம் மகிழ்ந்துவிட்டோம். அடுத்த வரியைப் படித்தபோது பதினோரு மாதத்தின் பொருள் புரிந்தது. அந்தப் பாதி, ஓராண்டு தொடர்ச்சியாக வேலை செய்தவர்களுக்கு மட்டும். தற்காலிகத் தொழிலாளிக்கு இல்லை.

மழையைச் சட்டம் மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த மழையில் நனையப்போகிறவனுக்குப் பாதிச் சம்பளம் எழுதிவைத்துவிட்டார்கள். அவளை அந்த வரிக்கு வெளியே நிறுத்தலாம் என்று ஒரு மாதம் குறைக்கிற வழக்கம் பிறகு வந்தது.

பெண்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று நான் எழுதினால் அது பொய். 2021 நவம்பரில் சென்னை வட்டாரத்தில் கொட்டித் தீர்த்த மழையை அடுத்து, டிசம்பர் நடுவில், சுங்குவார்சத்திரம் அருகே உள்ள பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தரையில் படுக்கை, ஓர் அறையில் கூட்டம் கூட்டமாக ஆட்கள், சில இடங்களில் கழிப்பறைக்குத் தண்ணீரே இல்லை என்பதெல்லாம் அதன் பிறகுதான் வெளியே தெரிந்தது. சேர்ந்து வேலை செய்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடச் சரியாகச் சொல்லாத நிலையில் அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் போய் உட்கார்ந்தார்கள். கைதானார்கள். ஆலை பல வாரம் மூடியிருந்தது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. உலகம் அப்போதுதான் விடுதியின் கதவைத் திறந்து பார்த்தது. “பொம்பளப் பிள்ளைங்க ராத்திரியில ரோட்டுல உக்காந்தா நல்லாவா இருக்கு” என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒருவர் கேட்டார். சதுக்கப் பூதம் எம்.ஃபில். முடித்திருந்தது.

அந்தப் போராட்டத்துக்குப் பிறகு விடுதி என்பது அரசின் பேச்சிலும் வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார்: 18,720 படுக்கைகள், 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. தரையில் படுத்தவர்களுக்குக் கட்டில் கிடைத்தது; அதை ஏளனம் செய்ய எனக்கு உரிமையில்லை. அந்தக் கட்டில் சாலையில் உட்கார்ந்தவர்கள் வாங்கித் தந்தது என்று கல்வெட்டில் இருந்திருக்கலாம். ஆனால் வேலையோடு கட்டப்பட்ட கட்டில், வேலை போனால் போகும். ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்து தூங்குகிற ஓர் இடத்துக்குக் குடும்ப அட்டை கிடையாது, வார்டு உறுப்பினர் வந்து ஓட்டுக் கேட்கமாட்டார். ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொடுத்த விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் இருக்கிற மற்றவர்களுக்கு அந்தக் கட்டிலும் இல்லை.

என்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். பேரிடர் விடுமுறை அறிவிக்கிற அதே ஆணையில், அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சியாளுக்கும் உண்டு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கல்லூரி ஆசிரியையான எனக்கு மழை விடுமுறையில் ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் ஆட்சியர் அறிவிப்புக்காகக் காலை ஐந்து மணிக்குக் கைப்பேசியைத் துழாவுகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த மகிழ்ச்சிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று நாற்பது வயதுக்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியது. நிவாரணம் அட்டை இருக்கும் ஊருக்குப் போகாமல் ஆள் நனைந்த இடத்துக்கு வரவேண்டும். வருங்கால வைப்புநிதி எண் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, கம்பெனி பஸ்ஸின் வருகைப் பட்டியல் இருக்கிறது, கண்டுபிடிக்க முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். ஏரிகளின் நீர்மட்டம், திறப்பு பற்றி முடிவெடுக்கிற இடத்தில் கீழே குடியிருக்கிற பெண்கள் உட்கார வேண்டும்.

குறளை என்ன செய்வது? பாடத்திட்டத்திலிருந்து எடுக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன். எடுத்துவிட்டால் கேள்வியும் போய்விடும். இந்த ஆண்டு மருதியின் கதையையும் செம்பரம்பாக்கத்தின் கன அடியையும் சேர்த்து நடத்தினேன். உள்தேர்வில், மழைக்குப் பொறுப்பு யார் என்று பத்து மதிப்பெண் கேள்வி வைத்தேன். தமிழ்த் தேர்வில் பொதுப்பணித் துறைக்கு என்ன வேலை என்று துறையில் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் அவளைப் பார்க்கப் போனேன். லைன் வீட்டுச் சுவரில் இடுப்பளவில் இன்னும் ஒரு கறைக்கோடு இருக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பு அடித்தும் தெரிகிறது. அவளுடைய தாய் எனக்கு டீ போட்டார். ஆறு வருடத்துக்கு முன் வகுப்பில் அவள் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். அதற்கு நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “படிச்சவங்க நீங்களே அப்படிச் சொன்னா எப்படிம்மா” என்று மட்டும் கேட்டார்.

கிளம்பும்போது அவள் கைப்பேசியில் 2023 டிசம்பர் மாதச் சம்பளச் சீட்டைக் காட்டினாள். எல்.ஓ.பி. என்ற கட்டத்தில் மூன்று என்றிருந்தது. இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுதுங்கம்மா. கம்பெனி பேரு மட்டும் வேணாம். இன்னும் அங்கதான் போயிட்டிருக்கேன்” என்றாள்.